ஏழையின் அறையில் உண்போர்

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த ஸ்டோயிக் தத்துவவாதி செனெக்கா, தம் நண்பர் லூசிலியுசுக்கு எழுதிய பதினெட்டாம் கடிதத்தில், ஆண்டில் சில நாட்களை ஒதுக்கி, மலிவான உணவை அளவோடு உண்டும் முரட்டுத் துணி உடுத்தும் பழக வேண்டும் என்று அறிவுரை கூறுகிறார். அதைச் சொல்லும் இடத்திலேயே ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறார். அக்காலத்துச் செல்வர்கள், செல்வம் தரும் சலிப்பைப் போக்கிக்கொள்ளத் தம் மாளிகைக்குள்ளேயே 'ஏழையின் அறை' என்னும் எளிய சிற்றறையை அமைத்து, அவ்வப்போது அதில் ஒதுங்கி மகிழ்ந்தார்கள். அந்த விளையாட்டையே தாம் பரிந்துரைப்பதாக நண்பர் எண்ணிவிடலாகாது என்கிறார் அவர். படுக்கையும் மெய்யாகவே வறியதாக இருக்க வேண்டும், ரொட்டியும் மெய்யாகவே கெட்டிப்பட்டதாக இருக்க வேண்டும், மூன்று நான்கு நாட்களாவது அதைத் தாங்கிப் பார்க்க வேண்டும், அப்போதுதான் அது பொழுதுபோக்காக முடியாமல் மனத்துக்கான சோதனையாக அமையும் என்பது அவர் கருத்து.

இத்தாலிய நாட்டுப்புற உணவகம் எழுப்பும் அறக்கேள்விக்கு இதைவிடப் பழைய சான்று கிடைப்பது அரிது. இன்று உலக நகரங்கள் பலவற்றிலும், இத்தாலியின் தொஸ்கானா, உம்ப்ரியா, எமிலியா போன்ற பகுதிகளின் ஊர்ப்புறங்களிலும், செங்கல் தெரியும் சுவர், மெருகிடாத மரமேசை, மேசைமேல் முரட்டுத் தாள்விரிப்பு, அரை லிட்டர் மண்குவளையில் திராட்சை மது, சுண்ணக்கட்டியால் கரும்பலகையில் எழுதிய அன்றைய உணவுப் பட்டியல் ஆகியவற்றோடு நடக்கும் உணவகங்களுக்கு, வசதி படைத்தோர் விரும்பிச் சென்று, ஒரு காலத்தில் வேறு வழியற்றவர்கள் உண்ட உணவைப் பணம் கொடுத்து உண்கிறார்கள். பழைய ரொட்டியை அவரை விதையோடும் கீரையோடும் வேகவைத்த கூழ், ஊறவைத்த ரொட்டியில் தக்காளியும் வெங்காயமும் சேர்த்த கலவை, கொண்டைக்கடலைச் சாறு, மக்காச்சோளக் களி ஆகியவையே அங்கே சிறப்பு உணவுகள். இவ்வகைச் சமையலை இத்தாலியர் 'குச்சீனா போவெரா', அதாவது ஏழைச் சமையல், என்றே வெளிப்படையாக அழைக்கிறார்கள். வறியவரின் கட்டாயத்தில் பிறந்த ஒன்றை வசதியுள்ளவர் இன்பமாக நுகர்வது ஏழையைப் போற்றுவதா, அல்லது செனெக்கா கண்டித்த அறைக்குள் மீண்டும் நுழைவதா? இக்கேள்வியை ரசனையின் கேள்வியாக மட்டும் கருதிக் கடந்துவிடலாம் என்றால், இத்தாலிய மண்ணிலேயே தோன்றிய தத்துவ மரபுகளும் துறவு மரபுகளும் உணவு மேசையைக் குறித்து அவ்வளவு நீண்ட வாதங்களை நடத்தியிருக்க மாட்டா.

இந்த உணவகங்களின் வகைகளை முதலில் சுருக்கமாகக் காண்பது நலம். 'ஓஸ்தெரியா' என்பது பழங்காலத்தில் முதன்மையாக மது விற்ற இடம். வருவோர் தம் உணவைத் தாமே மூட்டை கட்டிக்கொண்டு வந்து அங்கே அமர்ந்து உண்பர். 1465 முதல் நடந்து வருவதாகக் கருதப்படும் பொலோனியா நகரின் ஓஸ்தெரியா தெல் சோலே இன்றும் அம்முறையிலேயே மதுவை மட்டும் விற்று, உணவைக் கொண்டுவரும் உரிமையை வருவோருக்கு விட்டிருக்கிறது. 'திரத்தோரியா' என்பது பெரும்பாலும் ஒரு குடும்பமே சமைத்துப் பரிமாறும் எளிய உணவகம். 'அக்ரிதூரிஸ்மோ' என்பது பண்ணை வீட்டிலேயே தங்கவும் உண்ணவும் இடம் தரும் அமைப்பு. விவசாயமே அங்கே முதன்மையான தொழிலாக நீடிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு 1985-இல் இத்தாலிய அரசு இதற்கென ஒரு சட்டம் இயற்றியது.

அந்தப் பண்ணை வீடுகள் விருந்தினருக்காக எவ்வாறு காலியாயின என்பதைப் பலரும் கேட்பதில்லை. மத்திய இத்தாலியில் பல நூற்றாண்டுகளாக 'மெத்ஸத்ரீயா' என்னும் வாரச் சாகுபடி முறை நிலவியது. நிலமும் வீடும் நிலக்கிழாருடையவை, உழைப்பு குடியானவக் குடும்பத்தினுடையது, விளைச்சலில் பாதி நிலக்கிழாருக்குச் சேர வேண்டும் என்பதே அதன் சாரம். இன்று நாட்காட்டிப் படங்களில் அழகூட்டும் கல்வீடுகளில் வாழ்ந்தவர்கள் இந்த வாரக்குடிகளே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர்கள் கூட்டங்கூட்டமாக ஆலை நகரங்களுக்குப் பெயர்ந்தார்கள். 1964-இல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடை செய்தது. கைவிடப்பட்ட வீடுகளை நகரத்தாரும் அயல்நாட்டினரும் வாங்கிச் செப்பனிட்டார்கள். ஆகவே பல பண்ணை உணவகங்களில் விருந்தினர் அமரும் கூடம், ஒரு குடும்பம் பாதி விளைச்சலைக் கொடுத்துவிட்டு மீதியைக் கொண்டு காலந்தள்ளிய கூடமாகவோ, அதன் கீழ்த்தளத்து மாட்டுத் தொழுவமாகவோ இருந்த இடம்.

அவர்கள் உண்டது என்ன என்பதைச் சற்று நின்று பார்ப்பது அவசியம், ஏனெனில் எளிமையைப் பற்றிய பேச்சில் பசி மிக எளிதாக மறைந்துவிடுகிறது. தொஸ்கானாவின் புகழ்பெற்ற 'ரிபொல்லீத்தா' ஒரு முறை வெந்த கூழை மறுநாள் மீண்டும் கொதிக்க வைத்தது. உலர்ந்துபோன ரொட்டியை எறிய மனமும் வசதியும் இல்லாத வீட்டில், கரும்பச்சைக் கோசுக்கீரையும் வெள்ளை அவரை விதையும் அதை உண்ணத்தக்கதாக்கின. மரெம்மா என்னும் சதுப்புநிலப் பகுதியின் மாடு மேய்ப்போரும் கரிமூட்டம் போடுவோரும் உண்ட 'அக்குவாகோத்தா', நீரில் வெங்காயமும் கிடைத்த கீரையும் இட்டுக் காய்ச்சி, கெட்டிப்பட்ட ரொட்டியின்மேல் ஊற்றிய சாறு. அப்பென்னைன் மலைகளில் கோதுமை விளையாத சரிவுகளில் செஸ்நட் கொட்டையின் மாவே ரொட்டியாயிற்று. இவை யாவும் கையில் இருந்த கொஞ்சத்தை வீணாக்காமல் வயிற்றுக்கும் நாவுக்கும் ஏற்றதாக மாற்றிய பெண்களின் அறிவு. அதைக் கண்டுபிடிப்பு என்று அழைப்பதே தகும்.

ஆனால் எல்லா ஏழை உணவும் இப்படி நல்லதாக முடியவில்லை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் வட இத்தாலியின் வெனெத்தோ, லொம்பார்தியா பகுதிகளில், குடியானவர் விளைவித்த கோதுமை நிலக்கிழாருக்கும் சந்தைக்கும் சென்றது. அவர்கள் வயிற்றுக்கு மிஞ்சியது மக்காச்சோளம். அதன் மாவைக் கிளறிய 'பொலெந்தா' என்னும் களியையே காலையும் மாலையும் உண்டவர்களிடம் பெல்லக்ரா என்னும் நோய் பரவியது. தோல் வெடித்து உரியும், வயிறு போகும், இறுதியில் அறிவு பேதலிக்கும். வெனிசின் சான் செர்வோலோ தீவில் இருந்த மனநோய் விடுதியில் இவ்வாறு வந்து சேர்ந்தோர் பலர். 1881-இல் எடுத்த கணக்கில் இத்தாலி முழுதும் இந்நோயாளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்தனர். நியாசின் என்னும் வைட்டமின் குறைவே காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில்தான் தெளிவாயிற்று. மெக்சிகோவின் தொல்குடிகள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அந்தச் சத்தை உடலுக்குக் கிட்டும்படி செய்திருந்தார்கள். தானியம் கடல் கடந்தபோது அந்த அறிவு உடன் வரவில்லை. இத்தகைய வறுமையிலிருந்து தப்பி 1876-க்கும் 1915-க்கும் இடையில் இத்தாலியை விட்டு வெளியேறியோர் ஏறத்தாழ 1.4 கோடிப் பேர். இன்று உணவகத்தில் காளானும் வெண்ணெயும் சேர்ந்து மணக்கும் பொலெந்தாவுக்குப் பின்னால் இந்த வரலாறு நிற்கிறது. அதை அறியாமல் உண்பது குற்றமன்று. அறிந்தபின் அதை வெறும் அழகாகக் காண்பது இயலாது.

உணவும் தகுதியும் பிறப்பால் பிணைந்தவை என்னும் கொள்கை ஐரோப்பாவில் நெடுங்காலம் மருத்துவமாகவே கற்பிக்கப்பட்டது. மேன்மக்களின் உடல் மென்மையான உணவுக்கும், உழவரின் உடல் கிழங்குக்கும் பயறுக்கும் ஏற்றவை, மாற்றி உண்டால் நோய் வரும் என்றனர். பொலோனியாவைச் சேர்ந்த ஜூலியோ செசாரே குரோச்சே 1606-இல் வெளியிட்ட 'பெர்தோல்தோ' கதை இந்த நம்பிக்கையைச் சுற்றியே முடிகிறது. கூர்மையான அறிவால் அரசவையில் இடம்பெற்ற உழவன் பெர்தோல்தோ நோயுற்றபோது டர்னிப் கிழங்கும் அவரை விதையும் கேட்கிறான். மருத்துவர்களோ அரசவைக்குரிய மென்மையான உணவுகளையும் மருந்துகளையும் கொடுக்க, அவன் இறந்துபோகிறான். பேரிக்காயோடு சேர்ந்த பாலாடைக்கட்டியின் சுவையை உழவனுக்குத் தெரியவிடக் கூடாது என்று கூறும் இத்தாலியப் பழமொழியை எடுத்துக்கொண்டு, வரலாற்றாசிரியர் மஸ்ஸிமோ மொந்தனாரி ஒரு முழு நூலையே எழுதினார். உழவனின் கையில் தோன்றிய பாலாடைக்கட்டியை மேன்மக்கள் தமதாக்கிக்கொண்ட பிறகு, நல்லதைச் சுவைத்தறியும் ஆற்றலே அவனுக்குக் கிடையாது என்று நிறுவ வேண்டியிருந்தது என்பது அவர் ஆராய்ச்சியின் ஒரு கூறு. இன்றைய நாட்டுப்புற உணவகம் இந்த ஒழுங்கைக் கவிழ்த்திருக்கிறது என்று சொல்லலாம். கிழங்கும் பயறும் உயர்ந்தோர் மேசைக்கு வந்துவிட்டன. ஆயினும் உணவு மேலே ஏறியபோது உழவனும் உடன் ஏறினானா என்பது வேறு கேள்வி. மேல்தட்டு ஒருமுறை பாலாடைக்கட்டியை எடுத்துக்கொண்டது போலவே இப்போது அவரைக்கூழையும் எடுத்துக்கொண்டது என்றால், கவிழ்ந்தது சுவையின் வரிசை மட்டுமே.

இதற்கு எபிக்கூரசின் வழியில் நின்று ஒரு விடை கூறலாம். இன்பமே வாழ்வின் நோக்கம் என்று கற்பித்த அக்கிரேக்க அறிஞர், பசித்தவனுக்கு ரொட்டியும் நீரும் பேரின்பம் தரும் என்றும், ஆடம்பரம் தேவைப்படாதவனே அதை நன்கு சுவைக்க வல்லவன் என்றும் கருதினார். அவர் கொள்கை இத்தாலியில் நேப்பிள்ஸ் வளைகுடாக் கரையில் வேர்விட்டது, கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை மூடிய ஹெர்க்குலேனியம் நகரின் மாளிகை ஒன்றில் கருகிக் கிடைத்த பப்பைரஸ் சுருள்களில் பெரும்பகுதி, எபிக்கூரசின் வழிவந்த பிலோடெமசின் நூல்கள். அவர் தம்மை ஆதரித்த செல்வர் பிசோவைத் தம் எளிய இல்லத்துக்கு உணவுக்கு அழைத்து ஒரு சிறு கவிதை எழுதியிருக்கிறார். உயர்ந்த இறைச்சியும் மதுவும் இராது, உண்மை நண்பர்கள் இருப்பார்கள் என்பது அதன் உட்பொருள். நாட்டுப்புற உணவகத்தை விரும்புவோர் பெரும்பாலும் நாடுவது இதைத்தான்: குறைந்த பொருளில் நிறைந்த கூட்டுறவு. இது மதிக்கத்தக்க நாட்டம், ஏளனத்துக்குரியதன்று. ஆனால் பிலோடெமசின் வீட்டில் வறியவராக இருந்தவர் அழைத்தவரே. செல்வர் அங்கே விருந்தினராகச் சென்றார். உணவகத்திலோ அழைப்பவர் எவருமில்லை, கட்டணம் அழைப்பின் இடத்தில் நிற்கிறது. எபிக்கூரசின் விடை உண்பவரின் மனநிறைவை விளக்குகிறது. உணவைத் தந்தவரைப் பற்றி அது மௌனம் சாதிக்கிறது. செனெக்காவின் சோதனையிலும் இதே குறை உண்டு. அவர் பயிற்சியில் ஏழையின் ரொட்டி செல்வரின் மனத்திண்மையை வளர்க்கும் கருவி. ஏழை அங்கே இல்லை, அவன் உணவு மட்டுமே இருக்கிறது.

இல்லாத அந்த ஆளை மேசைக்குக் கொண்டுவந்தது, மத்திய இத்தாலியின் நோர்ச்சியாவில் பிறந்த பெனெதிக்த் ஆறாம் நூற்றாண்டில் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்கு. அதன் உணவு விதிகள் வியப்பூட்டும் அளவுக்கு மனிதத்தன்மை கொண்டவை: நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு ரொட்டி, ஒன்றை உண்ண இயலாதவர் மற்றதை உண்ணும் பொருட்டு இரண்டு சமைத்த உணவுகள், சிறிதளவு மது, வாரமுறை வைத்து எல்லோரும் சமையலறையில் பணி. ஐம்பத்து மூன்றாம் பிரிவு, வரும் விருந்தினர் அனைவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று விதிக்கிறது. அதற்குள்ளேயே ஒரு நுட்பமும் உண்டு. ஏழைகளையும் வழிப்போக்கரையும் வரவேற்பதில் தனிக் கவனம் தேவை, ஏனெனில் செல்வருக்கு உரிய மதிப்பை அவர்மீதுள்ள அச்சமே பெற்றுத்தந்துவிடும் என்கிறார் பெனெதிக்த். விருந்தோம்பலின் அளவுகோலை இவ்வளவு தெளிவாக உரைத்த விதிகள் குறைவு. பணம் படைத்தவர் நன்கு வரவேற்கப்படுவதில் அறம் ஒன்றும் வெளிப்படுவதில்லை. எனவே கட்டணம் பெறும் உணவகம், அது எத்துணை அன்போடு பரிமாறினாலும், இந்த விதியின்படி இன்னும் சோதிக்கப்படாத இடமே.

ஏழையின் உணவைச் செல்வரின் மேசையில் வைத்த மிகக் கூர்மையான நிகழ்ச்சி அசிசியின் பிரான்சிசின் வரலாற்றில் வருகிறது. பிற்காலத்தில் ஒன்பதாம் கிரெகோரி என்னும் பெயரில் திருத்தந்தையான கர்தினால் ஊகோலீனோ விருந்துக்கு அழைத்திருந்தபோது, பிரான்சிஸ் முதலில் தெருவில் பிச்சை எடுத்து, கிடைத்த கரிய ரொட்டித் துண்டுகளைக் கொண்டுவந்து அந்த மேசைமேல் வைத்து, அமர்ந்திருந்த வீரர்களுக்கும் குருமாருக்கும் பகிர்ந்தளித்தார் என்று அவர் வரலாற்றை எழுதிய தொம்மாசோ தா செலானோ பதிந்திருக்கிறார். சிலர் உண்டார்கள், சிலர் பக்தியோடு எடுத்து வைத்துக்கொண்டார்கள், கர்தினாலுக்கோ கூச்சமாயிற்று. பின்னர் அவர் அன்போடு கடிந்துகொண்டபோது, தாம் அவருக்குப் பெருமையே சேர்த்ததாகப் பிரான்சிஸ் விடை கூறினார். அந்த ரொட்டி மேசைக்கு வந்தது சுவைக்காக அல்ல. அதைக் கொடுத்த பெயரறியா வீடுகளை அது உடன் அழைத்து வந்தது. உண்டவர்கள் அந்த வீடுகளுக்குக் கடன்பட்டார்கள். தொஸ்கானாவின் மொந்தெபுல்சியானோவைப் பூர்விகமாகக் கொண்ட பிரபுக் குடும்பத்தில் பிறந்து, 1606-இல் மதுரைக்கு வந்து, தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற ராபர்ட் தெ நோபிலி, புலால் துறந்து சோறும் காய்கறியும் பாலும் கொண்ட ஒருவேளை உணவோடு வாழ்ந்ததை இங்கே நினைக்கலாம். அவரும் தம் எளிய உணவால், தாம் வாழ வந்த மக்களின் துறவு வழக்குக்குக் கட்டுப்பட்டார். தேர்ந்துகொண்ட எளிமை அங்கே உறவாக மாறியது.

பிரான்சிசுக்குப் பின் அவர் சபையில் எழுந்த வாதம், உணவைப் பற்றிய மேலைத் தத்துவத்தின் ஆழமான பக்கங்களில் ஒன்று. தனியாகவும் கூட்டாகவும் எதையும் உடைமையாகக் கொள்ளாமல் வாழ முடியும் என்றனர் பிரான்சிஸ்கன் துறவியர். அவ்வாறாயின் அவர்கள் உண்ணும் ரொட்டி யாருடையது? மூன்றாம் நிக்கோலாஸ் என்னும் திருத்தந்தை 1279-இல் ஒரு தீர்வு சொன்னார்: உடைமை திருச்சபையைச் சேரும், துறவியருக்கு வெறும் பயன்பாடு மட்டுமே உண்டு. பின்வந்த திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் இதை ஏற்கவில்லை. நிலத்தையும் வீட்டையும் பயன்படுத்திய பின்னும் அவை எஞ்சி நிற்கின்றன. ஆனால் உணவு பயன்படுத்துவதிலேயே தீர்ந்துபோகிறது, ஆகவே உணவில் பயன்பாட்டை உடைமையிலிருந்து பிரிக்கவே முடியாது என்று 1322-இல் வெளியிட்ட ஆணையில் அவர் வாதிட்டார். துறவி ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட முட்டையையோ பாலாடைக்கட்டியையோ ரொட்டித் துண்டையோ திருச்சபை தன் உடைமையாக வைத்திருக்கிறது என்பதை நல்ல அறிவுள்ள எவர் நம்புவார் என்பது அவர் கேள்வியின் போக்கு.

சட்டக் கண்ணோடு பார்த்தால் திருத்தந்தையின் வாதம் வலுவானது. இன்றைய உணவகத்தின் வணிகத் தர்க்கமும் அதுவே. கட்டணம் செலுத்தியவருக்குத் தட்டில் உள்ளது சொந்தம், அதை உண்பதும் ஒதுக்குவதும் குறை கூறித் திருப்பி அனுப்புவதும் அவர் உரிமை. ஆனால் எதிர்த்தரப்பான பிரான்சிஸ்கன் துறவியரின் விடையில் வாழ்க்கையின் உண்மை கூடுதலாக இருக்கிறது. பெர்கமோவைச் சேர்ந்த போனகிராத்தியா, குதிரை ஓட்ஸைத் தின்கிறது, அதனால் ஓட்ஸ் அதற்கு உடைமையாகிவிடுவதில்லை என்றார். அப்போது திருத்தந்தையின் இருப்பிடமாயிருந்த அவிஞ்ஞோனிலிருந்து 1328-இல் தப்பி ஓடிய ஓக்காமின் வில்லியம், தாம் எழுதிய பெருநூல் ஒன்றில், விருந்தினரின் நிலையையும் எண்ணிப் பார்க்கச் செய்தார். அழைக்கப்பட்டவர் முன்வைத்த உணவை உண்ண முழு அனுமதி பெற்றவர். எனினும் அதை விற்கவோ எடுத்துச் செல்லவோ, மறுக்கப்பட்டால் வழக்காடிப் பெறவோ அவருக்கு உரிமை கிடையாது. விருந்தினர் உண்கிறார், உடைமையாளர் ஆவதில்லை. இந்த வாதத்தை நம் காலத்தில் மீட்டெடுத்த இத்தாலியத் தத்துவவாதி ஜோர்ஜோ அகம்பென், 2011-இல் வெளியிட்ட 'மிக உயர்ந்த வறுமை' என்னும் நூலில், உடைமையாக்காமல் பயன்படுத்தும் வாழ்வு என்னும் அந்தச் சிந்தனை இன்னும் தீர்க்கப்படாமல் மேலை உலகின் முன் நிற்கிறது என்று காட்டுகிறார்.

ஏழைச் சமையலுக்கு இந்த வேறுபாடு நேராகவே பொருந்துகிறது. ரிபொல்லீத்தாவின் ஒரு தட்டு விலைக்கு உரியதுதான். சமைத்தவரின் கூலி, விறகு, எண்ணெய், வாடகை அனைத்துக்கும் அந்த விலை ஈடாகிறது. அந்தக் கூழை உருவாக்கிய தலைமுறைகளின் அறிவுக்கோ, அதைத் தேவையாக்கிய பாதி விளைச்சலுக்கோ எந்தக் கட்டணமும் ஈடாகாது, ஏனெனில் அவற்றுக்கு விற்பவர் எவரும் இல்லை. உண்பவர் தட்டுக்கு உடைமையாளராகலாம். அந்த மரபுக்கு முன் அவர் எப்போதும் விருந்தினரே. நாட்டுப்புற உணவகத்தில் ஒருவர் நடந்துகொள்ள வேண்டிய முறையை இந்த இரட்டை நிலை தீர்மானிக்கிறது. வாங்கியவராக மட்டும் உண்பவர் செனெக்கா கண்ட அறைக்குள்தான் இருக்கிறார். விருந்தினராகவும் உண்பவருக்குக் கடன் ஒன்று தோன்றுகிறது, அந்தக் கடனை இறந்துபோன வாரக்குடிகளிடம் செலுத்த வழியில்லை. இன்று அவர்களின் இடத்தில் குனிந்து நிற்பவர்களிடமே செலுத்த முடியும்.

இந்தக் கடனை ஓரளவு உணர்ந்து தோன்றியது 'மெதுவுணவு' இயக்கம். ரோமில் ஸ்பெயின் சதுக்கத்தருகே 1986-இல் மெக்டொனால்ட்ஸ் கடை திறக்கப்பட்டதை எதிர்த்தோரில் ஒருவரான, பியெமொந்தே பகுதியின் பிரா ஊரைச் சேர்ந்த கார்லோ பெத்ரீனி இதைத் தொடங்கினார். 1989-இல் பாரிசில் அதன் அறிக்கை கையெழுத்தாயிற்று. மறு ஆண்டில் இத்தாலிய ஓஸ்தெரியாக்களுக்கான அதன் வழிகாட்டி நூல் முதன்முதலாக வெளிவந்தது. உணவு நல்லதாகவும் தூயதாகவும் நீதியானதாகவும் இருக்க வேண்டும் என்னும் மூன்று சொற்களில் இயக்கத்தின் கொள்கையைப் பெத்ரீனி பின்னர் தொகுத்தார். சமய நம்பிக்கை அற்றவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட அவர், திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுச்சூழல் மடலைப் பெரிதும் வரவேற்று, அவரோடு நடத்திய உரையாடல்களை 2020-இல் நூலாக்கியது தற்செயலன்று. அசிசியின் துறவியிடமிருந்து பெயர் கொண்ட திருத்தந்தையும் உணவகங்களுக்கு வழிகாட்டி எழுதியவரும் சந்தித்த இடம் உழவரின் மேசையே. எனினும் அம்மூன்று சொற்களில் முதலிரண்டும் உணவகத்தில் எளிதில் கண்ணுக்குத் தெரிகின்றன, நாவுக்கும் எட்டுகின்றன. மூன்றாவது தட்டில் புலப்படுவதே இல்லை.

புலப்படாததைப் பற்றி ஓவியர் கரவாஜ்ஜோ இரண்டு முறை சிந்தித்தார். உயிர்த்தெழுந்த கிறிஸ்துவோடு வழிநடந்தும் அவரை அடையாளம் காணாத இரு சீடர்கள், எம்மாவு என்னும் ஊரில் அவர் ரொட்டியைப் பிட்டபோது கண் திறக்கப்பெற்றதாக லூக்காவின் நற்செய்தி கூறுகிறது. 1601-இல் கரவாஜ்ஜோ தீட்டிய, இப்போது லண்டனில் உள்ள ஓவியத்தில், அது ஒரு சாதாரண விடுதியின் மேசை. ரொட்டி, வறுத்த கோழி, மேசை விளிம்பில் சரிந்துவிடும்போல் ஒரு பழக்கூடை. சீடர்கள் திடுக்கிடுகிறார்கள். பரிமாற வந்த விடுதிக்காரரோ தொப்பியைக்கூடக் கழற்றாமல், என்ன நடக்கிறது என்று புரியாமல் நிற்கிறார். 1606-இல் அதே காட்சியை மீண்டும் தீட்டியபோது பழங்களும் கோழியும் மறைந்து மேசை வறியதாகிவிட்டது. விடுதிக்காரருக்குப் பக்கத்தில் முகம் சுருங்கிய ஒரு முதிய பணிப்பெண் சேர்ந்திருக்கிறார். அந்த மூதாட்டி நற்செய்தியில் இல்லாதவர், ஓவியர் சேர்த்தவர். புனிதம் வெளிப்படும் மேசையில் சமைத்தவரும் சுமந்தவரும் நிற்கிறார்கள், ஆனால் அமர்வதில்லை என்பதை இந்த ஓவியங்கள் மறைக்கவில்லை. இரண்டாவது ஓவியமே உண்மைக்கு நெருக்கமானது என்று தோன்றுகிறது. உணவு எளிமையடைந்த அளவுக்கு, பணிசெய்பவரின் முகம் அதில் தெளிவடைந்திருக்கிறது.

இன்று அந்த முகங்களில் பல இத்தாலியில் பிறந்தவர்களுடையவை அல்ல. நாட்டுப்புற உணவகத்தின் தக்காளிச் சாற்றுக்கு வேண்டிய பழத்தைப் பூல்யாவின் வயல்களில் பறிப்போரில் பலர் ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்தவர்கள். 'கப்பொராலாத்தோ' என்பது கங்காணி முறை. ஆட்களைத் திரட்டி வயலுக்கு ஏற்றிச் செல்லும் இடைத்தரகர், போக்குவரத்துக்கும் உணவுக்கும் என்று அவர்கள் கூலியிலேயே பிடித்தம் செய்வார். 2011-இன் கோடையில் நார்தோ என்னும் ஊரில், கமரூனிலிருந்து வந்த பொறியியல் மாணவர் இவான் சாஞ்ஞே முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் இதை நாடறியச் செய்தது. அவ்வாண்டே இம்முறை குற்றமாக்கப்பட்டது. 2016-இல் இயற்றிய சட்டம், தரகரோடு நில்லாமல் அவர் வழியாக ஆளெடுத்துச் சுரண்டும் முதலாளியையும் தண்டனைக்கு உட்படுத்தியது. சட்டம் வந்த பின்னும் முறை ஒழிந்துவிடவில்லை. வாரக்குடியின் பாதி விளைச்சலை வருத்தத்தோடு நினைக்கும் உணவகம், தன் சமையலறைக்கு வரும் தக்காளிப் பெட்டியை யார் எந்தக் கூலிக்கு நிரப்பினார்கள் என்று கேட்கவில்லையெனில், அந்த வருத்தமும் சுவரில் மாட்டிய பழைய கலப்பையைப் போல அலங்காரமாகிவிடும்.

போ ஆற்றுச் சமவெளியில் இதற்கு வேறொரு பக்கமும் உண்டு. பார்மிஜானோ பாலாடைக்கட்டிக்குப் பால் தரும் மாடுகளைக் கறப்பதிலும் பேணுவதிலும், உள்ளூர் இளைஞர் விட்டுச்சென்ற இடத்தைப் பஞ்சாபிலிருந்து சென்ற சீக்கியர்கள் பல பத்தாண்டுகளாக நிரப்பி வருகிறார்கள். அவர்கள் எமிலியாவின் நொவெல்லாரா என்னும் சிற்றூரில் கட்டிய குருத்வாரா 2000-இல் திறக்கப்பட்டது. அங்கே எல்லாக் குருத்வாராக்களையும் போல 'லங்கர்' என்னும் பொது உணவு பரிமாறப்படுகிறது. வருபவர் யாராயினும், எந்தச் சமயத்தினராயினும், தரையில் ஒரே வரிசையில் அமர்ந்து, ரொட்டியும் பருப்பும் கட்டணமின்றி உண்ணலாம், சமைப்பதும் பரிமாறுவதும் தொண்டாகவே நடக்கின்றன. பெனெதிக்தின் ஐம்பத்து மூன்றாம் பிரிவு கேட்டதும், ஓக்காமின் வில்லியம் விருந்தினரின் நிலை என்று விளக்கியதும், இத்தாலிய மண்ணில் இப்போது பால் கறப்போரின் கையால் இவ்வாறு நடைமுறையில் இருக்கின்றன. அச்சமவெளியின் ஓஸ்தெரியாவில் பாலாடைக்கட்டியைப் பேரிக்காயோடு சேர்த்து விலைகொடுத்து உண்ட ஒருவர், சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்தக் கூடத்தில் தரையில் அமர்ந்தால், அதே மாடுகளைக் கறப்போர் அவருக்கு விலையின்றிப் பரிமாறுவார்கள். அங்கே அவர் வாடிக்கையாளர் அல்லர், அவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி எவரும் கேட்கப்போவதும் இல்லை.